டீச்சர் வண்டியின் பிரேக்

பட்டறைக்கு ஒரு ரோட்டு வண்டி வந்திருக்கிறது, ஓனர் முதல் முறையாக ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்க டிராக் டேக்கு எடுத்துக்கொண்டு போகிறார், பிரேக்குக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று போனில் கேட்டீர்கள். நானும் ஆயிலை மாற்று, பேட் பார், டிஸ்க்கைத் தடவிப் பார் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்த நாலு வார்த்தை உங்களுக்கே தெரியும். கேட்டது மரியாதைக்கு. தெரியாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன். மத்தியானம் டீ வரும்போது ஒருவர் படியுங்கள், மற்றவர்கள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

நாமெல்லாம் மெட்ராஸ் பிரேக் மெக்கானிக்குகள். லஸ் முனையில் ஆட்டோ குறுக்கே வந்தால் வண்டி நிற்க வேண்டும். பனகல் பார்க் பக்கம் கை நிறையப் பையோடு ஒரு குடும்பம் திடீரென்று ரோட்டில் இறங்கினால் நிற்க வேண்டும். நாம் அறிந்த பிரேக் இவ்வளவுதான். நாள் முழுக்க மிதிப்போம், ஆனால் நாற்பதைத் தாண்டி மிதிக்கிற பாக்கியம் இந்த ஊரில் யாருக்கும் இல்லை. டிராக்கில் கதையே வேறு. அங்கே கொஞ்ச தடவைதான் மிதிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு மிதியும் வண்டியின் மொத்த வேகத்தையும் சூடாக மாற்றி டிஸ்க்கில் இறக்கிவிடும். ஆயில் கொதித்துப்போனால் பெடல் தரைக்குப் போகும். பேட் வெந்துபோனால் பெடல் கல் மாதிரி நிற்கும், வண்டி மட்டும் நிற்காது.

தி.நகரில் நான் வேலை பழகிய பட்டறை முதலாளி அடிக்கடி ஒன்று சொல்வார். "எஞ்சின் நின்னுச்சுன்னா கஸ்டமரு வந்து திட்டுவான்டா. பிரேக் நிக்கலன்னா திட்டறதுக்கு ஆளே வர மாட்டான்." அந்தப் பயத்திலேயே நான் முப்பது வருஷத்துக்கு மேல் தொழில் பண்ணினேன். என் கை பட்ட பிரேக் எதுவும் யாரையும் கைவிட்டதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பயம்தான் ஒரு நாள் என் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பதிலாகக் கேட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் இழுக்கிறேன்.

டீச்சரை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் வேலைக்குச் சேரும் முன்பே அவர் பட்டறைக்கு வருவது நின்றுபோயிற்று. ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு. பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர் மாடவீதியில். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவர். என் மகளுக்கும் அவர்தான் பாடம் எடுத்தார், அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அவர் டீச்சர்தான். யாராக இருந்தாலும் 'நீ' என்றுதான் பேசுவார். அதில் மரியாதைக் குறைவு இருக்காது. உலகம் முழுவதும் அவருக்கு பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வண்டி சின்ன பெட்ரோல் கார். ரிட்டயர் ஆன காசில் வாங்கியது. கபாலி கோயில், நூலகம், அடையாறில் இருந்த தங்கை வீடு என்று எங்கே போனாலும் தானே ஓட்டிக்கொண்டு போவார். வீட்டில் அவரும் ஒரே மகனும்தான். மகன் பெருங்குடியில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். நல்ல பிள்ளை. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு நாள் பம்பர் நசுங்கி வண்டி வந்தது. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் தூணில் உரசியிருக்கிறார். மகனும் கூட வந்திருந்தார்.

"உனக்கு ரிஃப்ளெக்ஸ் குறைஞ்சு போச்சும்மா. வயசாயிடுத்து. வண்டியை வித்துடலாம். எங்க போணும்னாலும் டாக்ஸி போட்டுத் தரேன்."

"தூண் நகர்ந்து வரலை, ஒத்துக்கறேன். ஆனா ரிஃப்ளெக்ஸ் குறைஞ்சுதுன்னு நீ எதை வெச்சு அளந்தே? அளக்காம சொல்லப்டாது."

"இதையெல்லாம் எப்படிம்மா அளக்கறது?"

பதிலுக்கு டீச்சர் போனை எடுத்துக் காட்டினார். ஊருக்கு வெளியே இருக்கிற டிராக்கில் ஒரு கார் கிளப்காரர்கள் சாதாரண ரோட்டு வண்டிகளுக்காக ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். முதல் முறை வருகிறவர்களுக்குத் தனி வகுப்பு. முதல் ரவுண்டு கிளப் வண்டிக்குப் பின்னால் மெதுவாகப் போக வேண்டும். இரண்டாவது ரவுண்டில் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாம் பிரேக் போடுவது, திருப்புவது, பதறுவது எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வார்.

"அந்த மனுஷன் பக்கத்துல ஒக்காந்து பாக்கட்டும். எனக்கு ஓட்ட லாயக்கில்லைன்னு அவன் சொன்னா, அன்னிக்கே சாவியை உன் கையில கொடுத்துடறேன். லாயக்குதான்னு சொன்னா, அப்புறம் வண்டியை விக்கற பேச்சையே நீ எடுக்கப்டாது. சம்மதமா?"

மகன் சிரித்துவிட்டு சம்மதம் என்றார். அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். டீச்சர் என் பக்கம் திரும்பி, "நீ பிரேக்கைப் பாத்துக்கோ, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தக் கணத்திலிருந்து அந்தப் பந்தயத்தில் எனக்கும் பங்கு வந்துவிட்டது.

என்ன வேலை செய்தேன் என்று விவரிக்கப் போவதில்லை. நீங்கள் செய்வதைத்தான் செய்தேன், இன்னும் கொஞ்சம் பயந்து செய்தேன். புது பேட் போட்டால் அதை டிஸ்க்கோடு செட் ஆக்க வேண்டும் இல்லையா? அதற்கு ஊருக்குள் ஏது ரோடு? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெருங்குடிப் பக்கம், ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவில் காலியாகக் கிடந்த ஒரு சாலைக்குப் போனோம். டீச்சரே ஓட்டினார். வேகம் எடுத்து அழுத்தி மிதிக்க வேண்டும், முழுக்க நிற்பதற்குள் விட்டுவிட வேண்டும், மறுபடி வேகம் எடுக்க வேண்டும். பக்கத்துக் குப்பைமேட்டு நாற்றத்தோடு பேட் கருகும் வாசனையும் சேர்ந்துகொண்டது. செக்யூரிட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்து, "இன்னா சார், வண்டி புகையுது, பாக்காம போய்க்கினே கீறீங்க?" என்று கேட்டார்.

"புகையணும்ப்பா, அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்து, "போறுமா?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு தபா, டீச்சர்."

மேலும் இரண்டு தடவை மிதித்தார். "இப்போ போறுமா?"

"போதும் டீச்சர்."

மயிலாப்பூர்க்காரர்கள் போதும் என்பதைப் போறும் என்பார்கள். எனக்கு அது புதிதில்லை. பக்கத்திலேயே மந்தைவெளியில் பட்டறை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சு புரியவில்லை என்றால் அன்றே ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். அன்று அந்தச் சாலையில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை எத்தனையோ தடவை வந்தது. ஒரு தடவை கூட எனக்குத் தப்பாகக் கேட்கவில்லை.

டிராக் நாள் வந்தது. நான் டூல்பாக்ஸோடு டீச்சர் வண்டியிலேயே போனேன். மகன் தன் வண்டியில் பின்னால் வந்தார். வாழ்நாளில் நான் தயார் பண்ணிய வண்டி டிராக்கில் இறங்குவது அதுதான் முதல் முறை. அங்கே இருந்தவர்களைப் பார்த்ததும் என் டூல்பாக்ஸைக் காலுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். ஒவ்வொருவரும் சக்கரம் வைத்த அலமாரி அலமாரியாகக் கருவிகள் வைத்திருந்தார்கள். பக்கத்து ஷெட்டில் ரேஸ் வண்டி பார்க்கிற மெக்கானிக் ஒருவன், என் வயதில் பாதி இருப்பான், டீ டம்ளரோடு வந்து எங்கள் வண்டியின் சக்கரத்துக்குள் இருந்த பிரேக்கை எட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, கம்பெனி காலிப்பர்தானா? ஒண்ணும் மாத்தலியா?"

"ஆயிலும் பேடும் புச்சு."

"பேடு இன்னா பண்ணும்? ரெண்டு ரவுண்டு. பூடும் பாரு."

எங்கள் பக்கத்துப் பேச்சில் போய்விடும் என்பதைப் பூடும் என்போம். அடையாற்றங்கரையில் பிறந்த எனக்கு அது தாய்ப்பால் மாதிரி. அவன் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு டம்ளரை ஆட்டிக்கொண்டே போய்விட்டான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அவன் விட்டுப்போன வார்த்தை என்னோடேயே தங்கிவிட்டது. டீச்சர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பியபோது, கிளப் வண்டிக்குப் பின்னால் வரிசையில் போனபோது, தூரத்து வளைவில் பிரேக் லைட் எரிந்தபோது, ஒவ்வொரு முறையும் எனக்குள் பூடும், பூடும் என்றே ஓடிக்கொண்டிருந்தது.

முதல் ரவுண்டு முடிந்து வண்டிகள் திரும்பின. டீச்சர் அழகாக ஓட்டியிருந்தார். எங்கேயும் பதறவில்லை. என் முன்னால் வந்து நின்று கண்ணாடியை இறக்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ரேடியேட்டர் ஃபேன் இரைந்தது, பின்னால் ரேஸ் வண்டி ஒன்று காது கிழிய உறுமிக்கொண்டு நின்றது. நான் குனிந்து கத்தினேன்.

"பிரேக் எப்டி கீது டீச்சர்?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவர் ஏதோ சொன்னார். கூடவே உள்ளங்கையை என் பக்கம் விரித்து இரண்டு தடவை ஆட்டினார்.

எனக்குக் கேட்டது இது: "பிரேக் பூடும்ப்பா." அந்தக் கை எனக்கு, வேண்டாம், நிறுத்து என்று சொன்னது.

காது கேட்டதோ இல்லையோ, வாய் ஓடிவிட்டது. பக்கத்தில் கொடியோடு நின்ற மார்ஷலைப் பார்த்து, "சார், பிரேக் பூடுச்சு சார், வண்டியை உடாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மார்ஷல் ஓடி வந்தார். "பிரேக் கம்ப்ளெயிண்டா? டிரைவர் சொன்னாங்களா?" என்று கேட்டார். "ஆமா சார், அவங்கதான் சொன்னாங்க" என்றேன். டீச்சர் ஹெல்மெட் வாரைக் கழற்றத் தடவிக்கொண்டிருந்தார். அது புது வார், சட்டென்று அவிழவில்லை. அதற்குள் மார்ஷல் கண்ணாடியில் ஒட்டியிருந்த அனுமதி ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். பிரேக் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அந்த வண்டிக்கு அன்றைக்கு டிராக் கிடையாது. அது அவர்கள் சட்டம். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார வேண்டிய இரண்டாவது ரவுண்டும், டீச்சரின் பந்தயமும் அதோடு போயிற்று. கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்ற மகன் முகம் வெளுத்துப்போயிற்று. நான் கத்தியது அவருக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது.

வண்டியை ஓரம் கட்டியதும் டீச்சரை நிழலில் உட்கார வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். வீரம் பண்ணியவன் மாதிரி இருந்தது எனக்கு. உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை மிதித்தேன். பாதி கூட இறங்கவில்லை, கெட்டியாக நின்றது. மறுபடி மிதித்தேன். அப்படியே நின்றது. சரி, பேட் வெந்திருக்கும் என்று சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க் துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது, வெந்த பேடில் தெரிகிற பளபளப்பு துளியும் இல்லை. ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல பிரேக்கை நான் தொட்டதில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

டீச்சரிடம் போனேன். "டீச்சர், நீங்க இன்னா சொன்னீங்க அப்போ?"

"எப்போ?"

"பிரேக் எப்டின்னு கேட்டனே."

"பிரேக் போறும்ப்பான்னேன். இதுக்கு மேல ஒண்ணும் பண்ண வேண்டாம், இதுவே நன்னா போறும்னேன். அதுக்குள்ள நீ கத்த ஆரம்பிச்சுட்டே. நீ என்னமோ பெரிசா கண்டுபிடிச்சுட்டேன்னு நெனச்சுண்டேன்."

இலையில் சாதம் போட வருகிறவரைக் கையை விரித்து மறிப்பார்கள் தெரியுமா, போதும் என்று? அந்தக் கைதான் அது. அவர் போறும் என்றார், நான் பூடும் என்று கேட்டேன்.

இதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவே ஆறாது. பூடும் என்பது என்னுடைய வார்த்தை. அந்த டீ டம்ளர்க்காரனுடைய வார்த்தை. மாடவீதியில் பிறந்த டீச்சர் வாயில் அது எப்படி வரும்? பிரேக் கெட்டிருந்தால் அவர் போயிடும் என்பார், போயிடுத்து என்பார். பிரேக்கே அறுந்து தொங்கினாலும் பூடும் என்று சொல்ல மாட்டார். அத்தனை வருஷம் அந்தத் தெருக்காரர்களோடு பேசிப் பிழைத்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். நான் அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. என் பயத்தைத்தான் கேட்டேன்.

மார்ஷலிடம் ஓடினேன். பிரேக் நன்றாக இருக்கிறது, என் காதில்தான் கோளாறு என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பெரியவரே, நீங்க சொல்றது நெஜமா இருக்கலாம். ஆனா பிரேக் போச்சுன்னு மெக்கானிக்கே கத்துன வண்டியை நான் எப்படி மறுபடி உள்ள அனுப்பறது? என் எடத்துல நீங்க இருந்தா அனுப்புவீங்களா?" என்று கேட்டார். நான் அனுப்பியிருக்க மாட்டேன். அதனால் திரும்பி நடந்தேன்.

மகனிடம் போனேன். அங்கேதான் என் பேச்சு சுத்தமாக எடுபடவில்லை.

"தம்பி, பிரேக்குக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பா கேட்டுட்டேன். இன்னிக்கு நடந்தத கணக்குல வெச்சுக்காதீங்க. இன்னொரு நாளு இவங்களே நடத்துவாங்க, அப்போ டீச்சர் வந்து ஓட்டட்டும்."

அவர் என் தோளில் கை வைத்தார். "அண்ணா, நீங்க மொதல்ல கத்தினீங்களே, அதுதான் நெஜம். இப்போ எங்கம்மா மொகத்தைப் பாத்துட்டு மனசு கேக்காம மாத்திப் பேசறேள். எனக்குப் புரியறது. நீங்க அந்த நேரத்துல கத்தலைன்னா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே எனக்குப் பதர்றது."

டீச்சர் எழுந்து வந்தார். "டேய், அவன் சொல்றது சத்தியம்டா. நான் போறும்னுதான் சொன்னேன்."

"சரிம்மா."

"பிரேக் நன்னாத்தான் இருந்தது. நான்தானே ஓட்டினேன், எனக்குத் தெரியாதா?"

"சரிம்மா, சரி. நீ மொதல்ல தண்ணி குடி."

அந்தச் சரிம்மா இருக்கிறதே, அது சரி இல்லை. வயசானவர்கள் என்ன சொன்னாலும் நாம் தலையாட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோமே, அந்தச் சரி. நானும் என் வீட்டில் சொல்லியிருக்கிறேன். டீச்சருக்கு அது புரிந்தது. ஒரு பையன் கணக்கில் ஒரு புள்ளி தப்பு வைத்தாலும் நாள் பூராவும் வாதாடுகிற மனுஷி, அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

மகன் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "போறும்மா. இத்தனை நாள் ஓட்டினதே போறும்."

இந்தத் தடவை எனக்கு அந்த வார்த்தை துல்லியமாகக் கேட்டது.

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். மகன் ஒப்புக்கொள்ளவில்லை, என் உயிரும் முக்கியம் என்றார். லாரி வரவழைத்தார். ஊரிலேயே நல்ல பிரேக் இருந்த வண்டியை லாரி மேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் இறக்கும்போது அபார்ட்மெண்ட்காரர்கள் பால்கனியில் நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லாரியில் வந்த வண்டி அதுவே பேசிவிடும்.

அதற்கப்புறம் இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போய் மகனிடம் உள்ளதைச் சொன்னேன். இரண்டு தடவையும் காபி கொடுத்தார், பெரிய உபகாரம் பண்ணினீர்கள் என்றார், பெரிய மனசு என்றார். அந்த அபார்ட்மெண்ட்டிலிருந்து புதிதாக வண்டிகள் என்னிடம் வர ஆரம்பித்தன. டீச்சர் உயிரைக் காப்பாற்றிய மெக்கானிக் என்று என்னைக் காட்டினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருக்கும். நான் மறுத்தால் அடக்கம் என்பார்கள். வண்டி சீக்கிரமே விற்றுப்போயிற்று. வாங்கியவர் வெளியூர்க்காரர்.

அன்றைக்கு நீ வண்டியை நிறுத்தியது தப்பில்லையே என்று என் பெண்டாட்டியிலிருந்து எல்லோரும் சொன்னார்கள். சந்தேகம் வந்தால் நிறுத்த வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நீங்களும் நிறுத்துங்கள், யோசிக்கவே யோசிக்காதீர்கள். ஆனால் நிறுத்துவது வேறு, வியாதிக்குப் பேர் வைப்பது வேறு. கையைக் காட்டி வண்டியை நிறுத்திவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். அதுவும் வேண்டாம், கதவைத் திறந்து எஞ்சின் ஓடும்போதே ஒரு மிதி மிதித்துப் பார்த்திருக்கலாம். மூச்சு விடுகிற நேரம்தான் ஆகும். பிரேக் போயிற்று என்று மெக்கானிக் வாயிலிருந்து வந்துவிட்டால், அப்புறம் அவனே நினைத்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. பிரேக்கை ரிப்பேர் பண்ணலாம், அந்தப் பேச்சை ரிப்பேர் பண்ண முடியாது.

கடைசியாக டீச்சரைப் பார்த்தது நான் பட்டறையை உங்களிடம் விட்டுவிட்டுக் கிளம்பிய வருஷம். மந்தைவெளி மார்க்கெட் பக்கம் காய்கறிப் பையோடு ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு கஸ்டமர் வண்டிக்கு வேலை முடித்து டிரையல் பார்த்துக்கொண்டு வந்தேன். நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். பேரன் பேத்தி, முட்டிவலி, என் மகள் இப்போது எங்கே வேலை பார்க்கிறாள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு தடவை கூட அவர் என்னைக் குற்றம் சொன்னதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

பட்டினப்பாக்கம் பக்கம் திரும்பினேன். மத்தியான வெயிலில் கடலோரச் சாலை காலியாகக் கிடந்தது. மீன் கடைகளில் பாதி மூடியிருந்தார்கள். ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, அவர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"டீச்சர், நீங்க ஓட்டுங்க. இந்தக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பலாம். நான் பக்கத்துல குந்திக்கிறேன். உங்க பையனுக்குத் தெரிய வேணாம்."

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார். கை லேசாக நகர்ந்தது, பிறகு பையின் காதைப் பிடித்துக்கொண்டது. கடல்காற்று பெரிதாக வீசிக்கொண்டிருந்தது, அவர் முணுமுணுத்தது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவசரப்படாமல் குனிந்து கேட்டேன்.

"இன்னா சொன்னீங்க டீச்சர்? இன்னொரு தபா சொல்லுங்க."

"தைரியம் போயிடுத்துப்பா" என்றார்.